வண்டி வராத வழி

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களை நான் மூன்று ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். முதல் ரகம், "பேஷ்! பேஷ்!" என்று முதுகில் தட்டிக் கொடுப்பவை. அவற்றைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறேன். இரண்டாவது ரகம், நான் எழுதியதில் உள்ள பிழைகளை எடுத்துக்காட்டுபவை. அவை எப்படியோ காணாமற் போய் விடுகின்றன. மூன்றாவது ரகம் மிகவும் அபூர்வம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கும். பதில் சொல்லுகிற வரையில் இராத் தூக்கம் வராது.

அப்படிப்பட்ட கடிதம் ஒன்று நாமக்கல் ஜில்லாவில் காவேரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்திலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. கடிதம் இதுதான்:

"ஐயா, ஸைக்கிளில் ஊர் சுற்றுவதைப் பற்றி வெகு அழகாக எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் ஒரு புது ஸைக்கிள் ஏழு மாதமாக நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் என் பெண்ணுக்குக் கொடுத்தது. ரோட்டில் ஓடுகிற லாரிகளைப் பார்த்தால் அவளை அதில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வண்டி வராத வழி எங்கேயாவது இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால், இனிமேல் ஸைக்கிளைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதாதீர்கள்."

கடைசி வாக்கியம் என்னைச் சுருக்கென்று தைத்தது. நான் எழுதியது மலைக் காற்றையும் மேகத்தையும் பற்றி. அந்த அம்மாள் கேட்டது பெண் உயிரோடு வீடு திரும்புவதைப் பற்றி. இந்தக் கேள்விக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் எழுதினால் பாவம் வந்து சேரும் என்று தோன்றியது. ஆகவே, என் பழைய ஸைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

* * *

நாமக்கல்லிலிருந்து பரமத்தி, கபிலர்மலை வழியாக ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தபோது பிற்பகலாகி விட்டது. அங்கே காவேரியின் குறுக்கே ஒரு படுகை அணை இருக்கிறது. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரை இங்கே தடுத்து ராஜ வாய்க்காலில் திருப்பி விடுகிறார்கள். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. ராஜ வாய்க்காலோ அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. அல்லாள இளைய நாயக்கர் என்ற சிற்றரசர் அதை வெட்டியதாக அந்தப் பக்கத்தில் சொல்லி வருகிறார்கள். அவருக்கு அவ்வூரில் சிலையும் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம் கூடுமாம்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாயில்லை. அங்கே நான்கு பேரைச் சந்தித்தேன். கடிதம் எழுதிய தாயார், பதினோராவது வகுப்புப் படிக்கும் பெண், புதுக்கோட்டையிலிருந்து வந்து மகளோடு இருக்கும் பாட்டி, பெண்ணின் பெரியப்பா. பெரியப்பா இருபத்தைந்து வருஷம் வடநாடு வரையில் லாரி ஓட்டியவர். இப்போது சொந்தத்தில் ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்துக்கொண்டு கொல்லிமலைக்கும் சமவெளிக்குமாகப் பழ வியாபாரம் செய்கிறார். பெண்ணின் தகப்பனாருக்கு வெளியூரில் வேலை.

ஸைக்கிளையும் பார்த்தேன். நெல் மூட்டைக்குப் பக்கத்தில், மணியின் மேல் தூசி படிந்து நின்றது. தமிழ்நாட்டில் 2001-ம் வருஷ வாக்கில் தாழ்த்தப்பட்ட வகுப்பு, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச ஸைக்கிள் திட்டம், 2005-க்குப் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பெண்கள் படிப்பை நடுவில் நிறுத்தாமலிருக்க இது பெரிய உதவி. ஆனால் ஸைக்கிளைக் கொடுப்பவர்கள் அதை ஓட்டுவதற்கு ரஸ்தாவையும் சேர்த்துக் கொடுப்பதில்லை அல்லவா? அதுதான் இந்த வீட்டின் வழக்கு.

"ஐயா, வழி இருக்குதுங்களா?" என்று கேட்டார் தாயார்.

"காலையில் சொல்கிறேன்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

* * *

மறுநாள் விடியற்காலையில் பெண்ணும் நானும் வாய்க்கால் கரையில் ஸைக்கிளை விட்டோம். பெரியப்பா தம்முடைய மோட்டார் ஸைக்கிளில் கொஞ்ச தூரம் பின்னால் வந்தார். "இது காவலுக்கு இல்லீங்க, சும்மா காற்று வாங்க" என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் நம்பியதாகப் பாவனை செய்தோம்.

வாய்க்கால் கரையில் ஸைக்கிள் விட்டுப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுகிறேன். மனிதன் போட்ட ரஸ்தா மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். தண்ணீர் அப்படிச் செய்யாது. வாய்க்கால் வெட்டியவர்கள் நிலத்தின் வாட்டம் பார்த்து, மைல் கணக்கில் போனாலும் சில அடிகளே சரிவு இருக்கும்படி வளைத்து வளைத்துக் கொண்டு போயிருக்கிறார்கள். ஆகையால் அதன் கரையில் மிதிப்பவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. தண்ணீர் எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில் அவனும் போகலாம். ஒரு பக்கம் நீர்; மறு பக்கம் அகத்தியில் கொடி ஏற்றிய வெற்றிலைக் கொடிக்கால்; அப்பால் வாழை, கரும்பு; எங்கோ வெல்லம் காய்ச்சும் ஆலையிலிருந்து வரும் புகை. பாண்டமங்கலம், பொத்தனூர், வேலூர் என்று வெற்றிலைக்குப் பேர்போன ஊர்களுக்கெல்லாம் இந்த வாய்க்கால் தண்ணீர்தான் ஜீவாதாரம்.

மேல்நாட்டார் இந்த ரகசியத்தை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்தில் 1681-ல் திறந்த மிதி கால்வாயின் கரையில், அந்தக் காலத்தில் படகு இழுக்கும் குதிரைகள் நடந்தன. இன்று அந்தத் தடத்தில் குடும்பம் குடும்பமாக ஸைக்கிளில் போகிறார்கள். கால்வாய் மாத்திரமல்ல, ரயில் பாதையும் சரிவுக்குப் பயந்ததுதான். ஆகவே இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையைத் தொண்டர்கள் 1979 முதல் 1986 வரையில் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு ஸைக்கிள் பாதையாக்கினார்கள். ஸ்பெயினில் 1993 முதல், மலைப் பீடபூமிகளின் ஊடே ஓடிய பழைய ரயில் பாதைகளுக்கு "பசும் பாதை" என்று பெயரிட்டு அதே வேலையைச் செய்து வருகிறார்கள். புதிதாக நிலம் வாங்கவில்லை. முன்னோர் வெட்டி வைத்ததைத் தூர்ந்து போகாமல் பார்த்துக் கொண்டார்கள். மோட்டார் நுழையாதபடி தடுப்பு வைத்தார்கள்.

நம்முடைய ராஜ வாய்க்கால் கரையோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் வழவழவென்று இருக்கிறது. சில இடங்களில் மண் இளகிச் சக்கரம் புதைகிறது. சில இடங்களில் முள் மண்டிக் கிடக்கிறது. என் பின் சக்கரத்தில் முள் ஏறியது. நான் கையைப் பிசைந்து கொண்டு நிற்கையில் அந்தப் பெண் ட்யூபைக் கழற்றி, வாய்க்கால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, ஒட்டுப் போட்டு, காற்றும் அடித்து விட்டாள்.

"யாரிடம் கற்றுக் கொண்டாய்?"

"அம்மாயிகிட்டங்க, தாத்தா" என்றாள்.

"தாத்தா" என்ற சொல் சற்று உறுத்தினாலும், "அம்மாயி" என்றது ஆச்சரியமாயிருந்தது. அதை மனத்தில் குறித்துக் கொண்டேன்.

அப்புறம் சிறிது தூரத்தில் கரையின் தடம் முடிந்தது. எதிரே தார் ரோடு. நாங்கள் காலை ஊன்றி நின்ற ஐந்து நிமிஷத்தில் அதில் போன லாரிகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பெண்ணின் பள்ளிக்கூடம் அந்த ரோட்டிலேயே இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஆக, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் முக்கால் பங்கு அமிர்தம். கால் பங்கு விஷம்.

* * *

லாரியைப் பற்றி நாமக்கல்லில் குறை சொல்லுவது, சமுத்திரத்தில் இறங்கி உப்பைக் குறை சொல்லுவது போலாகும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு இந்தியா முழுவதிலும் பெயர் பெற்ற ஊர் அது. சேலத்திலிருந்து கரூருக்குப் போகும் 44-ம் எண் தேசீய நெடுஞ்சாலை இந்த ஜில்லாவை நெடுக்காகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லாரியினால் சாப்பிடுகின்றன. லாரி ஓட்டுகிறவனுக்கும் பெண் இருக்கிறாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் ஸைக்கிள் கொடுத்திருக்கிறார்கள்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மறுநாள் எங்களை நாமக்கல்லில் தமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே நின்ற ஒரு பெரிய லாரியில் டிரைவர் இடத்தில் பெண்ணை ஏற்றி உட்கார வைத்தார். பிறகு அவளுடைய ஸைக்கிளை லாரியின் முன்புறம் இடது மூலையை ஒட்டினாற்போல் நிறுத்தினார்.

"அம்மிணி, உன் ஸைக்கிள் எங்கே நிற்குது, சொல்லு பார்க்கலாம்."

பெண் எட்டிப் பார்த்தாள்; கண்ணாடியைப் பார்த்தாள்; மறுபடியும் எட்டிப் பார்த்தாள். "தெரியலைங்க, பெரியப்பா" என்றாள். அவள் குரல் சற்று மாறியிருந்தது.

பின்னர் நானும் ஏறிப் பார்த்தேன். ஸைக்கிள் அடியோடு மாயமாய் மறைந்து விட்டது!

"நான் கண் மூடிக்கிட்டா ஓட்டினேன்? இல்லை. அந்த மூலை எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றார் பெரியப்பா. "லாரி இடது பக்கம் திரும்பறப்போ அந்த இடத்திலே நிற்கக் கூடாது. கண்ணாடியிலே டிரைவர் முகம் உனக்குத் தெரிஞ்சால்தான் உன் முகம் அவருக்குத் தெரியும். தெரியலையா, பிரேக் பிடிச்சு, இறங்கி, லாரியை முன்னே போக விடு. அஞ்சு நிமிஷம் லேட்டானா வாத்தியார் ஒண்ணும் செய்ய மாட்டார்."

ஸைக்கிளைப் பற்றி எத்தனையோ புஸ்தகம் படித்திருக்கிறேன். அந்தப் பட்டறையில் பத்து நிமிஷத்தில் தெரிந்து கொண்டதற்கு அவை ஈடாகவில்லை.

* * *

நேயர்கள், "மலை எங்கே? மலைப் பாதையைப் பற்றி ஒன்றும் காணோமே?" என்று கேட்கக்கூடும். இதோ வந்து விட்டேன்.

பெரியப்பா பழம் ஏற்றுவதற்காகக் கொல்லிமலை போவதாயிருந்தார். "தாத்தா, மலை மேலே வண்டி வராத வழி நிறைய இருக்குதாமே? போய்ப் பார்த்தால் என்ன?" என்றாள் பெண். தாயார் தயங்கினார். உடனே பாட்டி, "நானும் கூடப் போறேன்" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டார். அதற்கு மேல் யாரும் ஆட்சேபிக்க முடியவில்லை. இரண்டு ஸைக்கிளையும் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றினோம். எந்த வண்டியைக் கண்டு பயந்து புறப்பட்டேனோ, அதே ஜாதி வண்டியே என்னை மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நாட்டியிருக்கிறார்கள். ராசிபுரம் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் மேலே ஏறுகிறது. மலை மேல் பீடபூமி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் பரந்து கிடக்கிறது. சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை என்று புகழ் பெற்றது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி விழாவும் நடக்கிறது. கீழே ஜேடர்பாளையத்தில் காவேரிக்குக் கூட்டம் சேருகிற அதே சமயத்தில் மேலே ஓரிக்குக் கூட்டம் சேருகிறது. ஸைக்கிள் பிரயாணிகள் அந்தச் சமயத்தில் இரண்டு இடத்துக்கும் போகாமலிருப்பது நலம்.

இந்த 70 வளைவையும் மிதித்தே ஏறுகிற வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் சாதாரண ஸைக்கிளில் முயலுகிறவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். என் வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல்; பின்னதற்கு 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓட வேண்டும். சமவெளியில் அது சுகம். மலையில் அது தண்டனை. முன்னால் 28 பல்லும் பின்னால் 34 பல்லும் உள்ள கியர் வண்டியில் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான் போகும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அழுத்த வேண்டிய பலமும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. ஆமை போல் ஏறலாம், ஆனால் ஏறலாம்.

பிரான்ஸில் ஸாந்த் எதியேன் என்னும் மலை நாட்டு நகரத்தில் பால் தெ விவி என்ற ஒருவர் இருந்தார். "வெலோஸியோ" என்ற புனைபெயரில் 1887 முதல் ஒரு ஸைக்கிள் பத்திரிகை நடத்தியவர். மலை ஏறுவதற்குப் பல கியர்கள் வேண்டுமென்று அவர் ஓயாமல் எழுதினார். தாமே மலைகளில் ஏறியும் காட்டினார். பந்தயக்காரர்கள், "கியர் கிழவர்களுக்கு" என்று கேலி செய்தார்கள். பிரான்ஸைச் சுற்றும் புகழ் பெற்ற ஸைக்கிள் பந்தயத்தில் 1937-ல்தான் சங்கிலி மாற்றும் கியரை அநுமதித்தார்கள். அதைப் பார்க்க வெலோஸியோ இல்லை. ஆயிரக்கணக்கான மைல் மலைப் பாதையில் அபாயமின்றித் திரிந்த அந்த மனிதர், 1930-ல் தமது ஊரில், ஸைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்தபோது டிராம் வண்டி மோதி இறந்தார். இந்தச் சரித்திரத்தை நினைக்கும் போதெல்லாம், அபாயம் மலையில் இல்லை, ஊர்த் தெருவில் இருக்கிறது என்று சொன்ன ஜேடர்பாளையத்து அம்மாளின் கட்சிதான் நியாயமென்று படுகிறது.

* * *

மேலே போய்ச் செம்மேட்டில் ஸைக்கிள்களை இறக்கினோம். பீடபூமி என்றதும் மேஜைப் பலகை மாதிரி சமதளமாயிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஏற்றமும் இறக்கமுமாக அலை அலையாய்க் கிடக்கிறது. பள்ளங்களில் படிப்படியாய் நெல் வயல், மேட்டில் மரவள்ளி, மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, அங்கங்கே காப்பித் தோட்டம், பலா, அன்னாசி. சாமையும் தினையும் கேழ்வரகும் முன்பு மிகுதியாய் விளைந்தன. மரவள்ளி வந்த பிறகு அவை சுருங்கிவிட்டன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்த் தொகுதிகளை "நாடு" என்றே வழங்குகிறார்கள். பத்து வீடு உள்ள கிராமத்துக்குப் போகிறவனும் ஒரு நாட்டுக்குப் பிரயாணம் போன பெருமையை அடையலாம்!

அறப்பளீசுவரர் கோயிலுக்கும், ஆயிரம் படிக்கு மேல் இறங்கிப் பார்க்க வேண்டிய ஆகாய கங்கை அருவிக்கும் போகும் பெரிய பாதையில் விடுமுறை நாட்களில் மோட்டார்கள் வரிசையாய் வரும். அதை விட்டு, நாட்டுக்கு நாடு போகும் கிளைப் பாதையில் திரும்பிவிட வேண்டும். நாங்கள் அப்படித் திரும்பினோம். முக்கால் மணி நேரத்தில் எதிர்ப்பட்டவை இரண்டு மோட்டார் ஸைக்கிள், ஒரு பள்ளிக்கூட வேன், எண்ணற்ற ஆடுகள். பெண் முன்னால் போனாள். அவள் மணியை அடித்ததெல்லாம் ஆட்டுக்கே அன்றி வேறு எவருக்கும் இல்லை. ஏழு மாதம் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஸைக்கிள் அன்று பறந்தது.

"இந்த மலைப் பாதை முழுவதையும் ஸைக்கிளுக்கென்றே விட்டுவிட்டால் என்ன?" என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அதைக் கட்டுரையாக்குவதற்கு முதல் வாக்கியத்தையும் மனத்தில் யோசித்துவிட்டேன். அச்சமயம் வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில், ஜுரத்தில் துவண்ட குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு மலைவாசி ஸ்திரீ நிற்பதைப் பார்த்தேன். கீழே ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். என் முதல் வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நமக்கு உல்லாசமான வளைவுகள் அவளுக்கு உயிர் நாடி. அந்த 70 வளைவையும் அடைக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. பஸ்ஸிலோ சரக்கு வண்டியிலோ ஸைக்கிளை மேலே கொண்டு சேர்க்க வசதி செய்து, கிளைப் பாதைகளில் சுற்றி வரச் செய்தால், மலை மக்களுக்கும் இடைஞ்சலில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் தங்குகிறவர்களால் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

* * *

இனி, என் வெட்கக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மறு நாள் காலை திரும்பும்போது எனக்கு ஒரு வீராப்பு வந்துவிட்டது. "ஏறத்தான் முடியவில்லை, இறங்கவுமா முடியாது? நான் ஸைக்கிளிலேயே இறங்கப் போகிறேன்" என்றேன். பெண் ஒன்றும் சொல்லாமல் என் ஸைக்கிளிடம் போய்க் குனிந்தாள். பின் பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். முன் பிரேக்கையும் பார்த்தாள்.

"தாத்தா, பிரேக் கட்டை தேய்ஞ்சு இரும்பு தெரியுதுங்க. இதிலே இறங்கக் கூடாது" என்றாள்.

நான் சமாதானம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இயற்பியல் பாடத்தில் படித்ததாகச் சொல்லி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. இறங்குவது 1000 மீட்டர். இந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பங்கைக் காற்று வாங்கிக் கொள்ளும். மீதியெல்லாம் பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும்தான் இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் விளிம்பு கொதித்து ட்யூப் வெடிக்கலாம். நல்ல கட்டை போட்ட வண்டியிலும், வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டு, பத்து வளைவுக்கு ஒரு முறை நின்று ஆற விட்டு இறங்க வேண்டும். மலைப் பாதையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 1878-ல் தோன்றிய ஸைக்கிள் பிரயாணிகள் சங்கத்தார் செய்த முதற்காரியங்களில் ஒன்று, செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் "அபாயம்" என்று பலகை நாட்டியது. கொல்லிமலை உச்சியில் எனக்கு அந்தப் பலகையாக வந்து நின்றது பதினாறு வயதுப் பெண். என் ஸைக்கிள் சரக்கு வண்டியில், பலாப்பழங்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு மலை இறங்கிற்று. நானும் ஏறக்குறைய அப்படித்தான் இறங்கினேன்.

* * *

ஜேடர்பாளையம் வந்ததும் தாயாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "அம்மா! உங்கள் பெண்ணை நம்பி ஸைக்கிளைக் கொடுக்கலாம். என்னை நம்பித்தான் கொடுக்கக் கூடாது" என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் முகத்தில் கவலை நீங்கவில்லை.

அப்போதுதான் பாட்டி வாய் திறந்தார். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991, 1992 வருஷங்களில் அறிவொளி இயக்கம் நடந்ததையும், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராயிருந்தபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஸைக்கிள் விடக் கற்றதையும் நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காமல், குறுக்குத் தண்டு வைத்த ஆண்கள் ஸைக்கிளிலேயே புடவையோடு ஏறிப் போனார்கள். அந்தத் தண்டில் குழந்தையையும் உட்கார்த்திக் கொண்டார்கள். அவர்களில் நம் பாட்டியும் ஒருவர். அந்தத் தண்டில் உட்கார்ந்த குழந்தை வேறு யாருமில்லை, எனக்குக் கடிதம் எழுதிய அம்மாள்தான்.

"எங்களுக்கு அப்போ லாரிப் பயம் இல்லைப்பா. சிரிப்புப் பயம்" என்றார் பாட்டி. "தெருவிலே போனா ஆம்பிளைங்க கூடி நின்னு சிரிப்பாங்க. நாங்க ஒருத்தி ரெண்டு பேரில்லை, ஊர் ஊரா, கூட்டம் கூட்டமாப் போனோம். சிரிச்சவன் எல்லாம் வாயை மூடிக்கிட்டான். இன்னைக்கு இவளைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கலை. ஆனா லாரி வந்திருச்சு. சிரிப்பை நாங்க ஜெயிச்சோம். லாரியை இவ ஒருத்தியா ஜெயிக்க முடியுமா? அதுக்கும் ஊர் சேரணும்."

வண்டி வராத வழி எங்கே என்ற கேள்விக்கு இதைவிடச் சரியான விடை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வழி காடு மலைகளில் ஒளிந்து கிடப்பதன்று; ஊர் சேர்ந்தால் உண்டாவது. முக்கால் பங்கு ஏற்கெனவே வாய்க்கால் கரையாய்க் கிடக்கிறது. முள்ளை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மோட்டார் நுழையாதபடி இரண்டு கல் நட்டால் போதும். வெற்றிலை பறிக்கப் போகிறவர்களுக்கும் மாட்டுக்குத் தீனி அறுக்கப் போகிறவர்களுக்கும் அது உதவும். மிச்சமுள்ள கால் பங்கில், பள்ளிக்கூடம் வரைக்கும் ரோட்டோரத்தில் ஒரு கஜ அகலம் தனித் தடம் போட வேண்டும். இதற்கு அணை கட்டுகிற செலவு ஆகாது. ராஜ வாய்க்காலை வெட்டிய நாட்டில் ஒரு கஜத் தடம் போட முடியாதா?

ஊருக்குத் திரும்பிய பதினைந்தாம் நாள் ஒரு கார்டு வந்தது.

"ஐயா, ஸைக்கிள் இப்போது நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இல்லை. கரையோடு போய் வருகிறாள். கூட இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். கரை முடிந்து ரோடு வருகிற இடத்தில் மட்டும் நான் போய் நிற்கிறேன். நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். உங்கள் ஸைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்றியாயிற்றா என்று கேட்கச் சொன்னாள்."

மாற்றியாயிற்று. அந்தத் தாயார் தினந்தோறும் அங்கே போய் நிற்க வேண்டாதபடி செய்வது மாத்திரம் பாக்கி. அது என் ஒருவனால் ஆகிற காரியமன்று. உங்கள் ஊரிலும் ஒரு வாய்க்கால் கரையோ, ஏரிக் கரையோ, பழைய வண்டித் தடமோ இருக்கும். அது பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரத்தில் முடிகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மூன்றாவது ரகக் கடிதங்களுக்கு என் பெட்டியில் நிறைய இடமிருக்கிறது.